கரி பஸ்ஸும் சலவைச் சோடாவும்

போன மாதம் அரக்கோணத்தில் ஒரு ரேடியேட்டர் பட்டறைக்காரர், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார். பஸ் கம்பெனிப் பட்டறையில் ரேடியேட்டர் பகுதியை வருஷக்கணக்காகப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் என்பதால் அந்த மரியாதை. "முதலில் கழுவுவதைப் பார்ப்போம்" என்று நான் ஆரம்பித்ததுமே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"ஈயம் பத்த வெக்கிறதப் பத்திச் சொல்லுங்கம்மா. கழுவுறதுல இன்னா இருக்குது?"

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. என் பிழைப்பே அந்தக் கழுவுதலில் பிறந்தது. அன்றைக்குக் கிடைத்த நேரத்தில் அவளுக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் அம்மையார்குப்பத்துத் தறிக் குடும்பத்தில் பிறந்தவள். என் நைனா வைத்திருந்தது சாயக் கொட்டகை. நூலை வேகவைத்து, அலசி, சாயத்தில் தோய்த்து, உலர்த்திக் கொடுப்பது எங்கள் வீட்டு வேலை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்த ஆவியிலும் ஈரத்திலும்தான் வளர்ந்தேன். யுத்தம் வந்து நூல் வரத்து நின்றதும் தறிகள் நின்றன. தறி நின்றதும் சாயப் பானைகளுக்கும் வேலை போயிற்று. அப்போது எனக்குக் கல்யாணமாகி இருந்தது. என் வீட்டுக்காரருக்குத் திருத்தணி ரயில் நிலையத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. அதே ஊரில் என் அக்கா மங்கம்மா இருந்தாள். அவள் வீட்டின் ஒரு பக்கத்து அறையில் நாங்கள் குடியேறினோம்.

அக்காவின் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. எனக்குப் பாவா முறை. ரங்கூனில் ஒரு பஸ் ஷெட்டில் பிட்டராக இருந்தவர். அங்கே குண்டு விழ ஆரம்பித்ததும், கிடைத்த கூட்டத்தோடு காடு மலையெல்லாம் நடந்து ஊர் வந்து சேர்ந்தார். கையில் கொண்டு வந்தது ஒன்றுமில்லை, தொழில் ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் ஒரு கீற்றுச் சார்ப்பு இறக்கி, ஒரு கல் தொட்டியும் ஒரு கரியடுப்பும் வைத்துப் பட்டறையாக்கிக்கொண்டார். குடம், கல்யாண வீட்டு காஸ் லைட், லாரி ரேடியேட்டர் என்று கசிவது எது வந்தாலும் ஈயம் வைத்துப் பற்றவைத்துக் கொடுப்பார்.

அவருக்கும் எனக்கும் பத்து வயசு வித்தியாசம்கூட இருக்காது. ஆனால் அவர் முன்னால் நிற்கும்போது யாருமே கொஞ்சம் நிமிர்ந்துதான் நிற்பார்கள். பேச்சு குறைவு. "ஆயிடுச்சு" என்ற வார்த்தை அவருக்குப் பிடிக்காது. "இன்னா ஆச்சு, எப்படி ஆச்சு, சொல்லு" என்பார். சொன்னதைக் கேட்டுவிட்டு, தானே ஒரு தடவை தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. அவருடைய இடது காதும் அதற்குக் கீழே கழுத்துத் தோலும் சுருங்கி, வெந்து ஆறிய அடையாளத்தோடு இருந்தன. இடது கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்காது. ரங்கூனில் பட்டது என்று மட்டும் அக்கா சொல்லியிருந்தாள். அவர் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

அந்த முற்றத்தில் ஒரு சட்டம் இருந்தது. பெட்ரோல் உள்ளே வரக்கூடாது. ஒரு சொட்டு நனைத்த துணிகூட வரக்கூடாது. அடுப்புக்குப் பக்கத்தில் எந்நேரமும் இரண்டு பானை நிறைய உலர்ந்த மணல் இருக்க வேண்டும். மற்றப் பட்டறைகளில் எல்லாம் உலோகத்தின் மேல் ஒட்டிய எண்ணெயைப் பெட்ரோலில் கழுவித்தான் ஈயம் வைப்பார்கள். அது சீக்கிரம் ஆகிற வேலை. யுத்தத்தில் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும் என்றாலும், தொழில் செய்கிறவர்கள் எப்படியோ ஒரு புட்டி சம்பாதித்து வைத்திருப்பார்கள். பாவா அதைத் தொடவே மாட்டார். மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு வேலை செய்வார். அதில்தான் வினை இருந்தது.

நான் முதலில் அந்த முற்றத்துக்குப் போனது தொட்டிக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றத்தான். அக்கா அப்போது பச்சைப் பிள்ளைக்காரி, அவளால் முடியவில்லை. பிறகு கரி ஊதினேன், அரம் பிடித்தேன், செம்புக்கட்டையைச் சூடு பார்த்து எடுத்துக் கொடுத்தேன். கம்பியின் முனையில் செம்புக் கட்டி பொருத்தியிருக்கும். அதைக் கரியில் காயவைத்துத்தான் ஈயத்தை உருக்கி இழுப்பது. சில மாதங்களில் குடத்துக்கு ஈயம் வைக்க எனக்கே வந்துவிட்டது. "ஊர் இன்னா சொல்லும்?" என்று என் வீட்டுக்காரரிடம் தயங்கிக் கேட்டேன். "உனக்கு வேல வருதா? வந்தா செய்யி. ஊரா மூட்ட தூக்குது?" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒரு நாள் விளக்கு வாடகைக்கு விடுகிறவர் ஒருவர், ஒரே காஸ் லைட்டை மூன்றாவது தடவையாகத் திரும்பக் கொண்டு வந்தார். எண்ணெய்த் தொட்டியின் அடியில் தகடுகள் சேரும் தையலில் கசிவு. பாவா வைத்த ஈயம் மேலே உட்கார்ந்திருக்கும், ஆனால் உள்ளே பிடிக்காது. நகத்தால் நெம்பினால் காய்ந்த பருக்கை போலக் கழன்று வரும்.

"மூணு வாட்டி ஆச்சு ஏழுமல. கல்யாண ஊட்ல இருட்டாயிடுச்சுன்னா என்னத்தான ஏசுவாங்க?" என்றார் அவர்.

பாவா விளக்கை வாங்கி வைத்தார். அவர் முகம் சிறுத்துப் போயிருந்தது. நான் கழன்று விழுந்த ஈயத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் வழவழப்பாக இருந்தது. எனக்குச் சட்டென்று சாயக் கொட்டகை ஞாபகம் வந்தது. கஞ்சியும் எண்ணெயும் போகாத நூலைத் தோய்த்தால் சாயம் இப்படித்தான் மேலே பூசினாற்போல் நிற்கும். அலசினால் ஓடிவிடும். மண்ணெண்ணெயும் எண்ணெய்தானே. அதைக் கொண்டு துடைத்தால் பழைய எண்ணெய் போகும், புது எண்ணெய் மெல்லிசாகத் தங்கிவிடும்.

"பாவா, இத்த நான் ஒரு வாட்டி நூலு மாதிரி வேக வெச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்தார். "எதுல?"

"சலவைச் சோடாவுல. நைனா அப்படித்தான் எண்ண எடுக்கும்."

"காஸ்டிக்கா?"

"இல்லீங்க. அது கைய அறுக்கும், கண்ணுல தெறிச்சா கண்ணு போயிடும். நான் சொல்றது துணிக்குப் போடற சோடா."

"காஸ்டிக் பழைய ஈயத்தையும் தின்னுடும். அது வேணாம். நீ சொன்னத செய்யி" என்றார்.

கடையில் சோடா எப்போதும் கிடைக்கிற காலமில்லை அது. இருந்தால் அது, இல்லாவிட்டால் ஏரிக்கரை உவர்மண்ணைக் கரைத்துத் தெளியவைத்து, துணியில் இரண்டு தடவை வடிகட்டிய நீர். அன்றைக்குச் சோடா கிடைத்தது. தண்ணீரைக் காயவைத்து, கொதி அடங்கிய பிறகு சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினேன். கொதிக்கும்போது கொட்டினால் பொங்கி முகத்தில் அடிக்கும். விளக்கின் எண்ணெயை எல்லாம் வெளியே வடித்துவிட்டு, தொட்டியை அதில் ஊறவைத்து, கம்பில் துணி சுற்றித் தேய்த்தேன். மேலே எண்ணெய் படலம் படலமாக மிதந்தது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஒரு தடவை. அப்புறம் வெறும் வெந்நீரில் நன்றாக அலசல். சோடா தங்கினாலும் வேலை கெட்டுப்போகும்.

பாவா சும்மா நிற்கவில்லை. ஒரு கை நல்ல தண்ணீர் அள்ளித் தையலின் மேல் விட்டார். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல், ஈரத் துணி விரித்த மாதிரி ஒரே சீராகப் பரவி நின்றது. அவர் குனிந்து அதையே பார்த்தார். எண்ணெய் இருந்தால் தண்ணீர் அந்த இடத்தை விட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒதுங்கவே இல்லை.

"இனிமே கை வெக்காத" என்றார். நான் அன்று காலையில்தான் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தேன். அவர் சொன்ன பிறகுதான் அது உறைத்தது. வெந்நீரில் துவைத்த துணியால் பிடித்துக்கொண்டேன். துத்தநாகம் போட்டு வீரியம் அடக்கிய திராவகத்தைத் தடவி, செம்புக்கட்டையை வைத்தார் பாவா. ஈயம் தையலுக்குள் ஓடியது. ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். அதுவரை நாங்கள் ஈயத்தைத் தள்ளிக்கொண்டு போனோம். அன்றைக்கு அது தானாகப் போயிற்று.

அந்த விளக்கு திரும்பி வரவேயில்லை. அதன் பிறகு கழுவுகிற வேலை முழுவதும் என் பொறுப்பாயிற்று. கழுவி முடித்துக் கூப்பிட்டால் பாவா வந்து, "தண்ணி இன்னா சொல்லுது?" என்று கேட்பார். நான் ஊற்றிக் காட்டுவேன்.

எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேலை, ஓர் ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் வந்தது.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் அப்போது பஸ்களுக்குப் பின்னால் ஓர் இரும்பு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். கரி பஸ் என்போம். இழுவை குறைவு. கொஞ்சம் மேடு கண்டால் இன்ஜின் சூடேறி ரேடியேட்டர் கொதிக்கும். பள்ளிப்பட்டுக்கு ஓடிய அப்படிப்பட்ட பஸ் ஒன்றுக்குச் சொந்தக்காரர் ஒரு ரெட்டியார். அதன் டிரைவர் கன்னியப்பன், நல்ல உழைப்பாளி, அவசரக்காரர். இருவருமாக ஒரு மத்தியானம் ரேடியேட்டரைக் கழற்றி மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மேல் தொட்டியும் கீழே உள்ள குழாய்களும் சேரும் மடிப்பில் நீளமாகக் கசிவு. இரண்டு ஊரில் இரண்டு பட்டறையில் ஈயம் வைத்தும் நிற்கவில்லை. வழியில் கசிவை அடைக்கக் கன்னியப்பன் மஞ்சள் தூள், கேழ்வரகு மாவு எல்லாம் போட்டிருந்தார். யாரோ சொன்னார்கள் என்று எண்ணெயும் ஊற்றியிருந்தார்.

"காவடிக்காரங்க கூட்டம் இன்னும் மூணு நாள்ல ஆரம்பம் ஏழுமல" என்றார் ரெட்டியார். "என் வண்டி நின்னா, அந்த ரூட்ல இன்னொருத்தன் வண்டி வந்து நிக்கும். அப்பால எனக்கு அது திரும்பி வராது."

"வெச்சிட்டுப் போங்க. நாளைக்கு சாயங்காலம் குடுக்கறேன்" என்றார் பாவா.

மறுநாள் காலை பாவா துத்தநாகம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். சார்ப்புக்கு அடியில் நான் கரியடுப்பை மூட்டிச் சோடாத் தண்ணீருக்கு அண்டா ஏற்றியிருந்தேன். சமையல்கட்டில் அக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அவளருகே தூளியில். சமையல்கட்டின் வாசல் முற்றத்தைப் பார்த்துத்தான் இருக்கும்.

கன்னியப்பன் பக்கத்துச் சந்து வழியாக முற்றத்துக்குள் வந்தது எனக்குத் தெரியாது. மூக்குக்குத்தான் முதலில் தெரிந்தது. திரும்பினேன். மதிலோரம் பலகை மேல் கிடந்த ரேடியேட்டரின் மேல் ஒரு டப்பாவைச் சாய்த்து ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று, வண்டி கிளப்புவதற்கு வைத்திருந்த கூப்பன் பெட்ரோலைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார் மனுஷன். காதில் பீடி செருகியிருந்தது.

பெட்ரோல் ஆவி மேலே போகாது, தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிப் போகும் என்று பாவா ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தார். அந்தத் தரையில் என் அடுப்பு இருந்தது. அதற்கு அப்பால் அக்காவின் அடுப்பு.

யோசிக்கவில்லை. ஒரு மணல் பானையைத் தூக்கிக் கரியின் மேல் கவிழ்த்தேன். அடுத்ததையும் கவிழ்த்தேன். நெருப்பு தெரியாமல் மூடிப்போயிற்று. பிறகுதான் கத்தினேன்.

"அக்கா! அடுப்புல சாம்பல அள்ளிக் கொட்டு! கொழந்தையத் தூக்கினு தெரு வாசலால ஓடு!"

என் அக்கா எதற்கும் இரண்டு கேள்வி கேட்கிறவள். அன்றைக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. சாம்பல் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு குழந்தையின் அழுகை தெருப்பக்கம் போய்க் கேட்டது.

கன்னியப்பன் நாரும் கையுமாக நின்றார். "இன்னாம்மா ஆச்சு? பெட்ரோல்தான?"

"டப்பாவ மூடுங்க. மூடி வெளிய கொண்டு போங்க. பீடியத் தொடாதீங்க. நெருப்புப் பெட்டியும் தொடாதீங்க!"

என் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது. டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து ரேடியேட்டரை ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் நானுமாகத் தூக்கி, மதிலுக்கு அப்பால் காற்றாடக் கிடந்த பொட்டலில் கொண்டுபோய் வைத்தோம். பெட்ரோல் சிந்திய மண்ணின் மேல் புழுதி போட்டு, மண்வெட்டியால் அள்ளி அதையும் வெளியே கொட்டினோம்.

பாவா வந்தார். தெருவிலேயே வாசனை பிடித்திருக்க வேண்டும், ஓடி வந்தார். அக்காவும் குழந்தையும் எதிர்வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்த பிறகு நடை தளர்ந்தது. முற்றத்தில் மணல் மூடிக் கிடந்த அடுப்பைப் பார்த்தார். கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். கை தானாகக் காதுக்குப் போயிற்று.

"ரங்கூன்ல நாங்க நாலு பேரு வேல செஞ்சிகினு இருந்தோம்" என்றார் கன்னியப்பனைப் பார்த்து. "ஒருத்தன் பெட்ரோல்ல சாமான் கழுவிகினு இருந்தான். அடுப்பு எங்கியோ அந்தாண்ட மூலையில. எல்லாரும் பாத்துகினுதான் இருந்தோம். நெருப்பு தரையில நடந்து வந்துச்சு. கழுவுனவன் என் சிநேகிதன். அவன இழுக்கப் போயித்தான் எனக்கு இது. அவன் பொழைக்கல."

கன்னியப்பன் காதிலிருந்த பீடியை எடுத்து நசுக்கிப் போட்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்குத் தெரியாதுப்பா. நல்லதுன்னு நெனச்சிதான் செஞ்சேன்" என்றார்.

"தெரியும்" என்றார் பாவா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நாகம்மா, நீ மொதல்ல இன்னா செஞ்ச? சொல்லு."

மணல் பானையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கேட்டு முடித்ததும் எழுந்தார். அவர் யாரையும் பாராட்டி நான் பார்த்ததில்லை. அன்றும் பாராட்டவில்லை. இரண்டு பானைகளையும் எடுத்துப் போய்த் தானே புது மணல் நிரப்பிக்கொண்டு வந்து வைத்தார்.

அன்று மாலை ரெட்டியார் வந்தார். நடந்ததைக் கேட்டு முகம் வெளுத்தார். இருந்தாலும் அவர் கவலை அவருக்கு. "இப்ப ஆரம்பிச்சா ராத்திரிக்குள்ள முடியாதா?"

"இன்னிக்கு இந்த ரேடியேட்டர் பக்கத்துல நெருப்பு போவாது" என்றார் பாவா. "உள்ள குழாய்க்குள்ள ஆவி நிக்குது. காத்து வாங்கட்டும். காலைல கழுவி, வாசன போனப்புறம்தான் கட்டய வெப்பேன். அவசரம்னா எடுத்துகினு போங்க. ஆனா யாருகிட்ட குடுத்தாலும் பெட்ரோல் ஊத்தினதுன்னு சொல்லிக் குடுங்க."

ரெட்டியார் பொட்டலில் கிடந்த ரேடியேட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "நாளைக்கு மத்தியானம் வரிக்கும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்ததும் ஆரம்பித்தோம். அடுப்பு முற்றத்தில், ரேடியேட்டர் மதிலுக்கு வெளியே பொட்டலில். சுடு சோடாத் தண்ணீரைக் குடத்தில் சுமந்துகொண்டு போய் ஊற்றினோம். சுமந்தது முழுக்கக் கன்னியப்பன்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை. நான் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு, முகத்தைத் தள்ளிவைத்து, புனலில் மெல்ல ஊற்றி நிரப்பினேன். ஊறவிட்டுத் திறந்தால், கீழே இருந்து வந்ததைப் பார்க்க வேண்டுமே! மஞ்சளும் மாவும் எண்ணெயும் துருவும் சேர்ந்த ஒரு கரிய கூழ். அதைக் கொட்டி, மறுபடி நிரப்பி, மறுபடி வடித்தோம். பாவா ஒவ்வொரு தடவையும் குழாய் வாயில் மூக்கை வைத்துப் பார்த்துத் தலையாட்டுவார். கடைசியில் பெட்ரோல் வாசனை துளிகூட இல்லை. வடிந்த தண்ணீர் ஊற்றிய தண்ணீர் போலவே தெளிவாக வந்தது. வெந்நீரில் அலசி, கம்பி பிரஷால் மடிப்பைப் பளிச்சென்று தேய்த்து வைத்தேன்.

"தண்ணி இன்னா சொல்லுது?"

ஊற்றினேன். மடிப்பு நெடுகப் பரவியது. இடது ஓரத்தில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு முத்து முத்தாக நின்றது. மறுபடி கழுவினேன். உடனே ஊற்றினால் பரவும். கொஞ்சம் வெயிலில் காய்ந்த பிறகு ஊற்றினால் மறுபடி முத்து.

இரண்டு பட்டறைகளிலும் ஈயம் கழன்றது ஏன் என்று அப்போது விளங்கிவிட்டது. மடிப்புக்குள்ளே எண்ணெய் ஒளிந்திருந்தது. சூடு பட்டதும் கசிந்து வெளியே வருகிறது. மேலே எத்தனை தடவை கழுவினாலும் பயனில்லை.

நெருக்கி முறுக்கிய நூல் சிட்டத்திலும் இப்படித்தான் நடக்கும். வெளியே வெளுத்திருக்கும், முடிச்சுக்குள் கஞ்சி அப்படியே இருக்கும். முடிச்சைத் தளர்த்தாமல் வேகவைத்தால் நைனா கட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்.

"பாவா, மடிப்பத் தொறக்கணுங்க" என்றேன்.

கன்னியப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தொறந்தா தொட்டியே கோணிக்கும்மா! அப்புறம் இது பழைய பித்தளைக்குத்தான் ஆவும்!"

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. தகடு மெல்லிசு. திறந்து கோணினால் கிருத்திகையும் போயிற்று, ரெட்டியாரின் தடமும் போயிற்று. பாவா மடிப்பின் மேல் விரலை ஓட்டினார். மடங்காத அந்த இரண்டு விரல்களையும் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அறுந்த நூல் இழையை முடிந்து பழகிய கை.

"அந்த ஒரு சாண்தான். ஒரேயடியா தூக்காத. நான் கட்டய வெச்சி பழைய ஈயத்த இளக்கறேன், நீ பிளேட விட்டு நெம்பிகினே வா" என்றார்.

அவர் சூடு கொடுக்க, நான் மெல்லிய இரும்புத் தகட்டை விட்டு, ஒரு நெல் அகலம் நெம்புவதும் நிறுத்துவதுமாக நகர்ந்தேன். உள்ளேயிருந்து பழுப்பாக எண்ணெய் கசிந்து வந்தது. கன்னியப்பன் மூச்சுவிடவில்லை. ஒரு சாண் திறந்தது. தொட்டி கோணவில்லை. ஆறவிட்டு, அந்தப் பிளவுக்குள் துணி நாடாவைக் கோத்து, சுடு சோடாத் தண்ணீரை விட்டு விட்டு, நாடாவை இப்படியும் அப்படியும் இழுத்தேன். முதல் நாடா கறுப்பாக வந்தது. அடுத்தது பழுப்பு. பிறகு வந்தது வெள்ளை. அலசி, வெயிலில் காயவைத்து, தண்ணீர் விட்டேன். பரவியது. நன்றாகச் சூடேறக் காயவைத்து, ஆறிய பிறகு மறுபடி விட்டேன். அப்போதும் பரவியது.

பாவா கேள்வி கேட்கவில்லை. செம்புக்கட்டையை அடுப்பிலிருந்து எடுத்துத் துடைத்து, பிடியை என் பக்கமாக நீட்டினார்.

அதுவரை ரேடியேட்டருக்கு நான் ஈயம் வைத்ததில்லை. மடிப்பை மூடித் தட்டி, திராவகம் தடவி, காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். கட்டையை வைத்ததும் ஈயம் வெள்ளிக் கம்பி போல மடிப்புக்குள் இறங்கி ஓடியது. ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நான் அதன் பின்னால் போனேன், அவ்வளவுதான். ஆறியதும் வாய்களில் கட்டைத் தக்கை அடித்து, கல் தொட்டியில் முக்கி, சைக்கிள் பம்பால் காற்றடித்தார் பாவா. மூன்று பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு குமிழி வரவில்லை. இன்னும் அடித்தார். இல்லை. அக்கா சமையல்கட்டு வாசலில் குழந்தையோடு வந்து நின்று, "ஆச்சா?" என்றாள்.

"ஆங், ஆயிடுச்சு" என்றார் பாவா. தனக்குப் பிடிக்காத வார்த்தையை அவர் வாயாலேயே சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ரெட்டியார் சொன்ன மத்தியானத்துக்கு முன்பே ரேடியேட்டர் வண்டியில் ஏறியது. அடுத்த நாள் காலை காவடிக் கூட்டத்தை ஏற்றிவரப் பள்ளிப்பட்டுக்கு முதல் நடை கிளம்பியபோது கன்னியப்பன் எங்கள் வீட்டு வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தினார்.

"ஏழுமல, வந்து குந்து. வழியில நின்னா நீதான் பாக்கணும்."

"ஈயம் வெச்சது நாகம்மா. அத்தக் கூட்டினு போ" என்றார் பாவா, கையிலிருந்த குடத்தை விட்டு நிமிராமலே.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அன்று அவருக்கு வேலை இல்லை. "போ, நானும் வரேன்" என்று அவரும் ஏறிக்கொண்டார். முன் இருக்கையில் உட்கார்ந்தேன். வழி நெடுகப் பூக்காவடிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. "அரோகரா" சத்தத்தில் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. முதல் மேடு வந்ததும் பின்னாலிருந்தவர்கள் பழக்கப்படி இறங்கித் தள்ளத் தயாரானார்கள். நான் பானெட்டின் இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆவி வருகிறதா? வரவில்லை. வண்டி முக்கி முனகி, ஆனால் நிற்காமல், மேட்டைத் தாண்டியது. அடுத்த மேட்டையும் தாண்டியது. கன்னியப்பன் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டு தெலுங்கில் ஏதோ பாட ஆரம்பித்தார்.

பள்ளிப்பட்டில் இறங்கியதும் முதல் வேலையாகப் பானெட்டைத் திறந்தார். தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்து மடிப்பின் அடியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை துடைத்தார். துண்டை விரித்துக் காட்டினார். ஈரமே இல்லை. என் வீட்டுக்காரர் அந்தத் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பக்கத்தில் இன்னொரு கரி பஸ் நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் தரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அந்த டிரைவர் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா கன்னியப்பா, ஒண்ணுமே ஒழுவல? யாரு பத்த வெச்சது?"

"இவங்கதான்" என்றார் கன்னியப்பன்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மறுபடி அந்த மடிப்பைப் பார்த்தார். பிறகு தன் வண்டிக்குப் போய், ஸ்பானரை எடுத்து, ரேடியேட்டரைக் கழற்ற ஆரம்பித்தார்.